அவர் அடிக்கும் கோடு

குன்னூரிலிருந்து ஊட்டி போகும் சாயங்கால பஸ். எனக்கு முன் சீட்டில் தேயிலை பறித்துவிட்டுத் திரும்பும் இரண்டு பெண்கள். மூத்தவர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எதையோ வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். இளையவள் எஸ்டேட்டுக்குப் புதுசு போல.

"ஏனுங்க்கா, போன்லயே எழுதி வெச்சுக்கலாமில்ல?"

"போன்ல எழுதினா எங்க ஊட்டுக்காரரு எப்படிக் கோடு அடிப்பாரு?"

"அவரு எதுக்குங்க அடிக்கணும்?"

"பக்கவாதம் வந்ததுல இருந்து பேச்சு இல்ல, வலது கையும் வரல. சும்மா படுத்துக் கெடக்கறமேன்னு அழுவாரு. அதான் அரிசி, மாத்திரை, துணி துவைக்கறதுன்னு எழுதிக் குடுத்துருவேன். நான் முடிக்க முடிக்க இடது கையில அடிப்பாரு. விட்டுப்போனதத் தொட்டுக் காட்டுவாரு. இப்ப அதுதான் அவரு வேலை."

"உங்களுக்குத்தானுங்க அலுப்பு."

"அலுப்புதான் அம்மிணி. நேத்து ரெண்டு வேலை பாக்கி, என்னால நிக்கவே முடியல. அவரே ரெண்டையும் அடிச்சுட்டு, கீழ கோணல்மாணலா என்னமோ எழுதினாரு. கண்ணாடி போட்டுப் பாத்தா, 'தூங்கு'ன்னு இருந்துச்சு."

"தூங்கினீங்களா?"

"பாத்திரத்த அப்படியே போட்டுட்டுப் படுத்துட்டேன். காலைல எந்திரிச்சுப் பாக்கறேன், அந்த 'தூங்கு'ங்கறதையும் அடிச்சு வெச்சிருந்தாரு."