சமதரை வரைந்த தலைமை வரைவாளர்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, கண்ணீரோடு அமர்ந்திருக்கும் அண்ணியார் அவர்களே, வேலையிலிருந்து தப்பித்த மகிழ்ச்சியை மறைத்துக்கொண்டு கூடியிருக்கும் நில அளவை அலுவலகத் தோழர்களே, வணக்கம்.

நம் தலைமை வரைவாளர் மறைந்துவிட்டார். எப்பேர்ப்பட்ட மனிதர்! காடடர்ந்த அந்தப் பீடபூமி முழுவதையும் வரைபடமாக்கியவர். அதில் ஒருமுறையாவது ஏறினாரா? ஏறவில்லை! அட்டை கடிக்குமாம். விமானப் படங்களை மேசையில் விரித்து, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தே மலையை அளந்தார்.

மேலிருந்து பார்த்தால் மரத்தலைகள்தான் தெரியும். பள்ளத்து மரம் வெயிலைத் தேடி நெட்டையாக வளரும். மேட்டு மரம் காற்றடிபட்டுக் குட்டையாக நிற்கும். தலைகள் மட்டும் ஒரே மட்டமாக இருக்கும். கண்ணால் காண்பதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள்! அவர் மரத்தலையைத் தரை என்று நினைத்தார். வாய்பிளந்து கிடக்கும் பள்ளத்தைச் சமதரை என்று வரைந்தார்.

"ஒரு தடவ நேர்ல போய்ப் பாத்துட்டு வரலாங்களா சார்?" என்று கேட்டேன்.

"நீ பென்சில சீவு, போதும்" என்றார். என்ன தன்னம்பிக்கை!

அந்தப் படத்தை நம்பித்தான் சாலைக்கு முதல் தடம் வெட்டப் போனார்கள். மண் தள்ளும் வண்டியோடு ஓட்டுநர் பள்ளத்துக்குள் போனார், பிணமாகத்தான் மேலே வந்தார். அவர் என் தங்கையின் கணவர். விசாரணையில் நம் தலைமை வரைவாளர் என்ன சொன்னார்?

"படம் சரியாத்தான் இருக்கு. டிரைவர் குடிச்சிருப்பான்."

இருமல் மருந்தையே முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைக்கிற மனிதர் என் மாப்பிள்ளை! குடிகாரன் பெண்டாட்டி என்ற பட்டம்தான் என் தங்கைக்கு மிச்சம். அதோ, கடைசி வரிசையில் இருக்கிறாள். "செத்தவரப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லுண்ணே" என்று என்னை மேடைக்கு அனுப்பியதே அவள்தான். சொல்கிறேனம்மா. அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மெத்தையில், தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். கொடுத்துவைத்தவர்!

அந்தப் படத்தில் ஒரு கோடுகூட மாற்றாமல் அவர் நினைவாக மறுபதிப்புப் போடுவோம் என்று இயக்குநர் சற்றுமுன் அறிவித்தார். ஐயா, சட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள், முடித்துவிடுகிறேன்.

அவர் விட்ட பணியைத் தொடர்வேன் என்று இந்த அவையில் உறுதி கூறுகிறேன். நாளைக்கே மலையேறுவேன். அந்தப் பள்ளத்தை அளப்பேன், படத்தில் வரைவேன். வேலை போனால் போகட்டும்! அண்ணியார் மன்னிக்க வேண்டும், அந்தப் பள்ளத்துக்கு உங்கள் கணவர் பெயரையே வைக்கப்போகிறேன். இனி அந்தப் பக்கம் போகிறவர்கள் அதைப் படித்தாவது விலகிப் போகட்டும்!