தாளம் நின்றால் வெளியே வா

சாரல் காலத்தில் என் பாங்கோஸ் கொட்டுகளை நான் அடுப்பங்கரையில்தான் வைப்பேன், ஐயா. ஈரக்காற்று பட்டால் தோல் தொய்ந்துவிடும். எவ்வளவு தட்டினாலும் பூசணிக்காயைத் தட்டின மாதிரிதான் இருக்கும். அதனால்தான் அருவிக்குத் தாளம் போடக் காலி மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு போவோம். அன்றைக்கு விசாரிக்க வந்த நீங்கள், என் கையில் டின் எதற்கு என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது உங்கள் தவறு இல்லை, அழுதுகொண்டிருக்கிறவனிடம் யாரும் அதையெல்லாம் கேட்பதில்லை.

நான் அழுதது உண்மை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவின் பெயர் 'சாரல் பாய்ஸ்'. எலக்ட்ரிக் கிதார் கடையநல்லூர் துல்கர்னைன், அவன் மாமா கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. பாங்கோஸ் சிவசைலமாகிய நான். பாட்டு உச்சிமாகாளி. அவனும் நானும் மேலகரத்தில் ஒரே தெரு. சீசனில் குற்றாலம் லாட்ஜ்களில் வாசிப்போம், மற்ற மாதங்களில் தென்காசிக் கல்யாணங்களில். அவன் பாட ஆரம்பித்தால் பந்தியில் இருப்பவர்கள் சோற்றில் கைவைத்தபடி உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த பந்திக்கு நேரமாகிறது என்று பரிமாறுகிறவர்கள் எங்களைத் திட்டுவார்கள்.

அவன் குரல் அருவியில் வளர்ந்த குரல். காலையில் செண்பகாதேவி அருவிக்கு ஏறிப் போவோம். தண்ணீர் விழுகிற இடத்தில் பாறைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்று பாடுவான். அந்த இரைச்சலை மீறி எனக்குக் கேட்க வேண்டும், அதுதான் பயிற்சி. நான் எதிர்ப்பாறையில் உட்கார்ந்து டின்னில் தாளம் போடுவேன். என் கண் மேலேயே இருக்கும். மலையில் மழை பெய்தால் முதலில் தண்ணீரின் நிறம் மாறும், சருகும் சுள்ளியும் வரும், அதன் பிறகுதான் வெள்ளம். உள்ளே நிற்கிறவனுக்கு எதுவும் தெரியாது. தொண்டை கிழியக் கத்தினாலும் விளங்காது, டின் சத்தம் மட்டும்தான் போய்ச் சேரும். ஆகவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. தாளம் கேட்கிறவரை அவன் பாடலாம். தாளம் நின்றால் வெளியே வந்துவிட வேண்டும்.

அறுபத்தாறு சித்திரையில் மெட்ராஸ் கம்பெனி ஒன்று எங்களைக் கூப்பிட்டு ஒரு முழு எல்.பி. ரெக்கார்டு எடுத்தது. எல்லாம் எங்கள் சொந்த மெட்டு. ஸ்டூடியோவில் பாங்கோஸ் சத்தம் தூக்கலாக இருக்கிறது என்று என்னை ஒரு தட்டிக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். உச்சிமாகாளி பாட மறுத்துவிட்டான். "அவன் கை தெரியாம எனக்குப் பாட வராது சார்" என்றான். தட்டியை நகர்த்தினார்கள்.

ஊர் திரும்பிய பிறகு கம்பெனியிலிருந்து சொல்லியனுப்பினார்கள். குரல் பிரமாதம், வாசிப்பு சுமார். ஆடியில் பாடகர் மட்டும் வந்தால் போதும், மெட்ராஸ் ஆட்களை வைத்துப் புதிதாக எடுத்துக்கொண்டு பழைய டேப்பை அழித்துவிடலாம் என்றார்கள்.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். நான் வாசித்தேன் என்பதற்கு அந்த டேப்பை விட்டால் வேறு சாட்சி கிடையாது. அவன் போனால் அது அழியும். அவனால் போக முடியாமல் போய்விட்டால், இருப்பதை வைத்துத்தான் வெளியிட்டாக வேண்டும். எனக்கு அவன்மேல் கோபம் இருந்ததில்லை. என் உடன்பிறந்தவர்களைவிட அவன்மேல்தான் பிரியம்.

ஆனிக் கடைசி. ரெக்கார்டில் உள்ள ஒரு பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான். தண்ணீர் டீ நிறமானது. சருகு வந்தது. இலையோடு ஒரு முழுக் கொப்பு வந்தது. நான் வாசித்துக்கொண்டிருந்தேன். அவனைத் தள்ளவில்லை, தொடக்கூட இல்லை. தினமும் செய்கிற வேலையைத்தான் செய்தேன், தாளமும் பிசகவில்லை. வெள்ளம் வந்து அவன் பாட்டு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கை ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்றது தெரியவில்லை என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். தெரிந்தது.

தை மாதம் ரெக்கார்டு வந்தது. அட்டையில் மாலை போட்ட அவன் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் என் பெயர். தென்காசி ரேடியோக் கடையில் நாள் முழுக்கப் போடுகிறார்கள். அந்தக் குரலுக்கு இனிச் சளி பிடிக்காது, வயதாகாது. அந்த மட்டில் நல்லதுதான் என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் கடை வழியாக மட்டும் என்னால் போக முடிவதில்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அன்றைக்கு மலை ஏறும்போது அவன் சொன்னான்.

"ஏலே, வரமாட்டேன்னு சொல்லிட்டேம்லே. நாங்க வாசிச்சத அப்படியே போடுங்க, இல்லன்னா எனக்கு ரெக்கார்டே வேண்டாம்னுட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க. இனியாவது மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியாத."

சந்தோஷம் என்று சொன்னேன். சிரிக்கவும் செய்தேன். மீதி வழி பூராவும் அவன்தான் பேசிக்கொண்டு வந்தான். அவன் எனக்காகக் கெஞ்சியிருக்கிறான், அவர்கள் எனக்குப் பிச்சை போட்டிருக்கிறார்கள். அது மட்டும்தான் என் மனதில் ஓடியது. அதற்காக, நான் முதலில் சொன்ன காரணம் மாறிவிடாது.

அவன் அம்மா வடிவம்மாளை நான் பெரியம்மை என்று கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமைதோறும் துல்கர்னைனின் ரெக்கார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு போய் அவளுக்கு அந்தப் பாட்டுகளைப் போட்டுக் காட்டுவது வழக்கம். இன்று காலையிலும் போட்டேன். கடைசிப் பாட்டு முடிந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே சிவசைலம், நீ நிறுத்துனதும் எம்புள்ளையும் நிறுத்திருதாம்லே. நிறுத்தாத, ராசா. ஒந்தாளம் கேட்டா அவன் பாடிக்கிட்டே இருப்பாம்லா" என்றாள்.

அங்கிருந்து நேராக இங்கே வந்தேன், ஐயா. அன்றைக்கு நான் நிறுத்தவில்லை என்பதை அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது, ரெக்கார்டுக்காகத்தான் செய்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.