புட்போல் எண்டு எழுதினது

இல்லைப் பிள்ளை, உந்தப் பேப்பரில நான் கையெழுத்து வைக்கமாட்டன். தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது. கொலிச்சில இருந்து உங்களை அனுப்பினவை நல்ல மனசோடதான் அனுப்பியிருப்பினம். ஜிம் வாசலில கோச் மகேஸ்வரன் எண்டு பேர் எழுதப்போகினம், சரி. எனக்கு வேண்டாம்.

ஓம் ஓம், உதில கிடக்கிறது எல்லாம் சரிதான். வொலிபோல், பாஸ்கற்போல், ஓட்டம், எல்லாத்துக்கும் நான் ஒராள்தான். சின்னக் கொலிச், வேற ஆரை வைப்பினம்? இருபத்தாறு வருசம் பெடியளை ஏத்துற வானையும் நானே ஓடி, பெடியளின்ர உடுப்பையும் நானே தோய்ச்சு... கப்பும் எடுத்தனாங்கள். பொய்யில்லை.

முதல் வருசத்தைத்தான் விட்டுட்டினம். எண்பத்தேழு, நான் கனடாவுக்கு வந்த புதுசு. ஊரில ஒன்பது வருசம் புட்போல் பழக்கினனான் எண்டு அப்பிளிக்கேசனில எழுதினன். எங்களுக்குப் புட்போல் எண்டா காலால அடிக்கிறதுதானே? வேலையைத் தந்திட்டாங்கள். முதல் நாள் மைதானத்துக்குப் போனா பெடியள் ஹெல்மெற்றோட நிக்கிறாங்கள். பந்து முட்டை மாதிரி, கையால எறியிறாங்கள். சிரியுங்கோ, பரவாயில்லை. நானும் முந்திச் சிரிக்கிறனான்.

சொல்லியிருக்கலாம்தான். இந்தா குசினிக்க நிக்கிற என்ர மனிசி மங்கை, அப்ப கொழும்பில கைப்பிள்ளையோட இங்க வர ஸ்பொன்சருக்குக் காத்துக்கொண்டு இருந்தவ. வேலைக் கடிதம் இல்லாட்டி ஒண்டும் நடவாது. வாயைப் பொத்திக்கொண்டு லைப்ரரியில புத்தகம் எடுத்துப் பாடமாக்கினன். ஆர் எங்க நிக்கிறது, எத்தினை யார்ட் தூரம் ஓடுறது எண்டு.

மூண்டாவது மட்ச். மாக்கஸ் எண்டு ஒரு வெள்ளைப் பெடியன், இருபது வயசு. தலையோட தலை மோதி விழுந்திட்டான். எழும்பினவன் தள்ளாடிக்கொண்டு பிழையான பக்கத்துக்குப் போறான். ஊரில ஆரும் விழுந்தா என்ன செய்வம்? முகத்தில தண்ணியைத் தெளிச்சு எழும்படா எண்டுவம், ஓடுவாங்கள். நானும் அதைத்தான் செய்தன். கெற் அப், கெற் அப், ஒண்டுமில்லை எண்டு திரும்ப உள்ளுக்க விட்டன். தலையில அடிபட்டவனை வெளியில இருத்த வேணும் எண்டு புத்தகத்தின்ர கடைசிப் பாடத்தில இருந்தது. நான் அதுவரைக்கும் படிச்சு வரேல்லை.

ரெண்டாம் தரம் விழுந்தவன் எழும்பேல்லை. விபத்து எண்டு எழுதி மூடிட்டினம். ஒருத்தரும் என்னை ஒரு கேள்வி கேக்கேல்லை. அடுத்த வருசம் புட்போலை நிப்பாட்டி, என்னை வொலிபோலுக்கு விட்டினம்.

இல்லை, செத்துப்போகேல்லை. அழவேண்டாம் பிள்ளை. எனக்கு அழுகை எல்லாம் எப்பவோ நிண்டிட்டுது.

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகுது, குறை நினையாதேங்கோ. செவ்வாய்க்கிழமையில அவனுக்குச் சவரம் எடுத்துவிடப் போறனான். மார்க்கம் ரோட்டில ஒரு ஹோமில இருக்கிறான். தாய் செத்தாப்பிறகு வேற ஆக்களில்லை. ஐம்பத்தெட்டு வயசு. வாயில பேச்சில்லை. ஆளையும் அடையாளம் மட்டுக்கட்டமாட்டான் எண்டுதான் அங்கத்தை நேர்ஸ்மார் சொல்லினம். ஆனா பிள்ளை, என்ர குரல் கேட்டா அவன் கட்டிலை விட்டு எழும்பப் பாக்கிறான்.