மாலை போட்ட கம்ப்யூட்டர்

கரண்ட் சிக்கனம் பத்தி இதுக்கு மேல நான் உபதேசம் பண்ணப் போறதில்ல. சின்னதா ஒரு கதை சொல்றேன், கேளுங்க. கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சுது... உங்களுக்கும் எரியணும், அதுக்குத்தான் சொல்றேன்.

மலை மேல ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டீ எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிற ஜனங்களுக்கு அதை விட்டா வேற நாதி இல்ல. அங்க மழை பெஞ்சா மரம் விழும், மரம் விழுந்தா கரண்ட் போகும். அதனால ஒரு இன்வெர்ட்டர், ஒரு பேட்டரி. மொத்தக் கட்டடத்துக்கும் அந்த ஒரே பேட்டரிதான்.

அந்த ஆஸ்பத்திரி ஆபீஸுக்குப் பொறுப்பாளர் குணசீலன்னு ஒருத்தர். மேலிடத்துல இருந்து அவருக்கு ஒரு லேப்டாப் கொடுத்தாங்க. சின்னது. கொஞ்சூண்டு கரண்ட் போதும், சார்ஜ் ஏத்தி வச்சா அது பாட்டுக்கு ஓடும். மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா? அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காம பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு. ஏன்? மேஜை மேல அது இருந்தா ஆபீஸ் மாதிரியே தெரியலையாம். பழைய பெரிய கம்ப்யூட்டர்தான் வேணுமாம். அந்தக் காலத்து டிவி மாதிரி கனத்த திரை, கீழ ஒரு பெரிய டப்பா, டப்பாவுக்குள்ள ஃபேன் சுத்துற சத்தம் வராண்டா வரைக்கும் கேக்கும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் அவருக்கு வேலை நடக்குற மாதிரி இருக்குமாம்.

ஆயுத பூஜை வந்துது. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், முன்னால பொரிகடலை. நல்லதுதான், அதை நான் குறை சொல்லல. திரையில சரஸ்வதி படத்தை வரவழைச்சு, மேல பெரிய மாலையா தொங்க விட்டாரு. நர்ஸ் பரிபூரணம் அப்பவே கேட்டிருக்காங்க, அந்தச் சின்னதை எடுத்து வச்சுக் கும்பிட்டா ஆகாதா சார்னு. அதுக்கு அவர் சொன்னாரு...

"அதுக்கு மாலை போட இடம் எங்கம்மா இருக்கு?"

சிரிக்கிறீங்க. சிரிங்க... இப்பவே சிரிச்சுக்குங்க.

பூஜையில வச்சதை விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது. நம்ம வழக்கம். புஸ்தகத்தை மூடி வச்சுடலாம், சுத்தியல் அது பாட்டுக்குக் கிடக்கும். ஆனா கம்ப்யூட்டர்? அணைச்சா சாமி படம் போயிடுமே. அதனால ஓடவிட்டபடியே அறையைப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு ஊருக்கு பஸ் ஏறிட்டாரு.

அவர் கிளம்பின கொஞ்ச நேரத்துல மழை. மரம் விழுந்துது. கரண்ட் போச்சு. பரிபூரணம் அவருக்குப் போன் போட்டாங்க. சார், பேட்டரி பூராவும் உங்க கம்ப்யூட்டர் குடிச்சிடும், பூட்டை உடைச்சு அணைச்சிடட்டுமான்னு கேட்டாங்க. வந்த பதில் என்ன?

"பூஜையில இருக்கிறதைத் தொட்டுடாதீங்க சிஸ்டர். நாளைக்குக் காலையில நானே வந்து எடுக்குறேன்."

சாயங்காலம் முத்துக்கண்ணின்னு கொழுந்து பறிக்கிற ஒரு பொண்ணு, மழையில நனைஞ்சுக்கிட்டே ஓடி வர்றா. தோள்ல அவ மக மயூரி. அரை டிராயர் போட்ட சின்னப் பிள்ளை. வீசிங். நெஞ்சுக்கூடு உள்ள போய் உள்ள போய் வருது, உதடு நீலம் பாரிச்சுக் கிடக்கு. பரிபூரணம் சட்டுனு மருந்துப் புகை வைக்கிற மெஷினை மாட்டினாங்க. பிள்ளைக்கு இளைப்பு கொஞ்சம் கொஞ்சமா குறையுது... அம்மாக்காரி முகத்துல உசிரு வருது...

மெஷின் நின்னுடுச்சு. லைட்டும் போயிடுச்சு. பூட்டின அறையில இருந்து கேட்டுக்கிட்டே இருந்த அந்த ஃபேன் சத்தமும் அப்பதான் நின்னுது.

"நர்சம்மா... ஏன் நின்னுடுச்சு?"

என்ன சொல்றது? நீங்க சொல்லுங்க. ஆள் இல்லாத அறையில ஒரு டப்பா ஓடுச்சும்மா, அதனால உன் பிள்ளைக்கு மூச்சு இல்லன்னு சொல்றதா?

காய்கறி ஜீப்பை மறிச்சு, விழுந்த மரத்தை ஆளுங்க சேர்ந்து நகர்த்தி, கீழ டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. வழி நெடுக முத்துக்கண்ணி பிள்ளை மூக்குக்கிட்ட விரலை வச்சுக்கிட்டே வந்தாளாம். மூச்சு வருதா... வருதா... வருதான்னு.

பிழைச்சிடுச்சு. கை தட்டாதீங்க. தட்டுறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல.

மறுநாள் குணசீலன் வந்தாரு. நடந்ததை எல்லாம் பரிபூரணம் சொன்னாங்க. நின்னு கேட்டாரு. கேட்டுட்டு அவர் வாயில இருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகலையே?"

...

என் ஜனங்களே, அந்தாளை மட்டும் திட்டிட்டு எந்திரிச்சுப் போயிடாதீங்க. அங்க ஒரே கட்டடம், ஒரே பேட்டரி. அதனால இவர் திரை எரிஞ்சதும் அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டினதும் கண்ணுக்கு நேரா தெரிஞ்சுபோச்சு. நமக்குக் கரண்ட் வர்ற கம்பி நீளம். இந்தப் பக்கம் நாம வீணா எரிக்கிறதுக்கு அந்தப் பக்கம் யாரு இருட்டுல கிடக்குறாங்கன்னு தெரியறதில்ல. தெரியலைன்னா நடக்கலைன்னு அர்த்தமா?

ஒரு கடுதாசி அடிக்க, பிள்ளைங்க மார்க்கைப் பதிய, எதுக்கு இவ்வளவு பெரிய மெஷின்? லேப்டாப் போதாதா? கையடக்கமா ஒரு டேப்லெட் போதாதா? குறைச்சலா கரண்ட் குடிக்கிறதை வாங்கினா நம்ம கௌரவம் எங்கயாவது கொட்டிப் போயிடுமா? பெருசுதான் இருக்குன்னா, வேலை முடிஞ்சா அணைக்கிறதுக்குக் கை வலிக்குதா?

இந்த ஸ்கூல்ல கம்ப்யூட்டர் அறை திறந்து வைக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கீங்க. அந்த அறையைத் தாண்டித்தான் மேடைக்கு வந்தேன். வரிசையா அத்தனை திரையும் எரியுது... உள்ள ஒரு குஞ்சு குருமான் இல்ல. ஏன்னு கேட்டேன். விருந்தாளி எட்டிப் பார்க்கும்போது எடுப்பா இருக்கணும்னு சொன்னாங்க.

விருந்தாளி நான்தான். பார்த்துட்டேன். யாராவது போய் அத்தனையும் அணைச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் பேச மாட்டேன்... இப்படியே நிக்கிறேன்.