திரும்பி வந்த எருத்தேன்பதி மாமா

“வெள்ளி, காலை 8.40, வாளையார்” என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. சோதனைச்சாவடி லாரி வரிசைக்குப் பின்னால் கோவைப் பேருந்து நின்றபோது, முன் இருக்கையில் இருந்த இளம்பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்:

“என்ற கல்யாணத்துக்குக் கூப்பிடறவங்க லிஸ்ட்ட நானேதானுங்க்கா அழிச்சேன்.”

“ஏண்டி, புத்தி கெட்டுப் போச்சா? அடுத்த வாரம் பத்திரிகை வைக்கோணுமே!”

“டேட்டாபேஸ் வேல படிக்கறேனில்லீங்க. பேக்கப்னு நகல் எடுத்து வெச்சா மட்டும் பத்தாது, அழிச்சுட்டு அத திரும்ப ஏத்திப் பாக்கோணும்.”

“எல்லாரும் வந்தாங்களா?”

“வந்துட்டாங்க. ஆனா அது போன மாசத்து பேக்கப்புங்க. அதுக்கப்பறம் அப்பா சண்டை போட்டுப் பேர அடிச்சுவிட்டாரே எருத்தேன்பதி மாமா, அவரும் வந்துட்டாரு.”

“அய்யோ! உங்கப்பா?”

“காட்டுனேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, ‘கம்ப்யூட்டரே கூப்பிட்டாச்சு, நானென்ன சொல்றது, இருக்கட்டும்’னுட்டாருங்க.”

அக்கா சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“ஏண்டி, பேக்கப்ப தெனமும் எடுக்கோணும்னு உங்களுக்குச் சொல்லித் தரலியா?”

“அதுதானுங்க்கா மொதப் பாடமே.”

பேருந்து நகர்ந்தது. அவளிடம் பட்டியலை அழித்ததற்கு முந்தின நாள் பேக்கப்பும் இருந்ததா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.