நாலரைக்குள்ள மதுக்கரை

ஐயோ, காப்பியெல்லாம் வேண்டாங்க்கா. ஒரு சொம்பு தண்ணி போதும். ஒவ்வொருக்காவும் உங்குளுக்கு இதே ரோதனையாப் போச்சு. என்னுங்க, பாலை அடுப்புல வெச்சுட்டீங்களா? செரி, வெச்சது வெச்சுட்டீங்க, சக்கரை மட்டும் கொஞ்சம் தூக்கலாப் போட்டுருங்க.

ஆமாங்க, மறுக்காவும் நின்னுபோச்சு. இதே எடந்தான், உங்க கேட்டுக்கு நேரா. உங்க ஊட்டு நாயிகூட இப்பெல்லாம் எங்களப் பாத்துக் கொலைக்கறதில்லீங்க. வால ஆட்டிட்டு வந்து காருக்கு அடியில நெழல்ல படுத்துக்குது.

அவுருங்களா? வெளிய நிக்கறாரு. கூப்புட்டாலும் வர மாட்டாருங்க. எங்கூட்டுக்காரரு பாலுசாமி ஒரு காரியத்துல எறங்கிட்டாருன்னா சோத்துக்குக்கூட வர மாட்டாரு. கூட எங்கண்ணன் சென்னிமலை வேற. ரெண்டு பேரும் பானெட்டத் தொறந்து, தலைய உள்ள உட்டுட்டு நிக்கறாங்க. இன்னைக்குக் கோளாறு பெட்ரோல்ல இல்ல, பிளக்குலன்னு எங்கண்ணன் சொல்லுது. ஒவ்வொண்ணாக் கழட்டித் துண்டு மேல பரப்பி வெச்சிருக்குது. மாட்டறப்ப நாலு மிச்சமாகும், பாருங்களேன்.

பையன் தண்ணி மோந்துட்டு வாரேன்னு உங்க கெணத்துப் பக்கம் போனான். உங்க பொண்ணு நந்திதா எங்கீங்க, கண்ணுலயே காணோம்? ஓ, மோட்டார் போட்டுடப் போயிருக்குதுங்களா. செரி செரி, போகட்டும்.

நாலரைக்குள்ள மதுக்கரை போய்ச் சேரோணுமுங்க. ஞாயித்துக்கெழமை நாலரைக்கு ராகு காலம் பொறந்துருமில்ல. என்ற பையனுக்குப் பொண்ணு பாக்கப் போறோம். புடிச்சிருந்தா இன்னைக்கே பூ வெச்சுப் போடறதுன்னு அவுரு தட்டு, தேங்கா, பழம், பூ, சீலை எல்லாத்தையும் டிக்கியில ஏத்திட்டாரு. அவுருக்கு இனிப் பொறுக்காதுங்க. கிருபாசங்கருக்கு முப்பத்தொண்ணு முடிஞ்சுபோச்சு. கூடப் படிச்சவனுங்க புள்ளைகளெல்லாம் இஸ்கூல் வேன்ல ஏறுது. இவன் இன்னும், அம்மா, தோசைக்குச் சட்னி எங்கன்னு நிக்கறான். கொறைன்னு பாத்தா ஒண்ணுமில்லீங்க. புளியம்பட்டியில சொந்தமா மோட்டார் காயில் கட்டற கடை இருக்குது. தோட்டம் இருக்குது. குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், பேசவும் மாட்டான். அதுதான் கொறை. அவன் மனசுல என்ன இருக்குதுன்னு பெத்தவ எனக்கே தெரியறதில்லீங்க. பொண்ணு போட்டோவக் காட்டுனா, ம்ங்கறான். புடிச்சிருக்குதாடான்னா, அதுக்கும் ம்ங்கறான். எந்த ம்முக்கு என்ன அர்த்தம்னு நான் எங்க போய்க் கேக்கறது?

இந்தக் காரு வேற. எல்லாம் போன ஆயுத பூசைக்கு அப்பறம் புடிச்ச கெரகமுங்க. அதுக்கு முந்தி கல்லாட்டம் ஓடுச்சு. பூசை முடிஞ்ச மறு வாரம் சிங்காநல்லூருக்குப் பொண்ணு பாக்கக் கெளம்பறோம், புளியம்பட்டி பங்க்குல டேங்கு நெறைய ரொப்பிட்டு வாரோம், அன்னூரு தாண்டி இங்க வந்ததும் லொடக் லொடக்குன்னு ரெண்டு இழுப்பு இழுத்துச்சு. நின்னுபோச்சு.

நீங்க அன்னைக்கு ஊட்டுல இல்லீங்க, ஆசுபத்திரிக்குப் போயிருந்தீங்க. நந்திதா சொல்லுச்சா? முழுசாச் சொல்லியிருக்காது. கேளுங்க. அவுரு டேங்கைத் தொறந்து எட்டிப் பாத்தாரு. கையில கொஞ்சம் பெட்ரோல் உட்டுத் தேச்சு மோந்து பாத்துட்டு, சீமெண்ணெ கலந்துட்டாங்கன்னு பங்க்குக்காரன வைய ஆரம்பிச்சாரு. எங்கண்ணன், அதெல்லாமில்ல மச்சான், குழாய்ல தூசி அடைச்சிருக்குது, வாய வெச்சு ஒரு உறி உறிஞ்சுடுங்கன்னுச்சு. இவுரும் மனுசன் சொல்றானேன்னு உறிஞ்சாரு பாருங்க, ஒரு வாய் உள்ளயே போயிருச்சு. கண்ணெல்லாம் செவந்துபோச்சு. ஏப்பம் உட்டா பங்க்கு வாசம் அடிக்குது. நான் பதறிப்போயி உங்க ஊட்டுக்கு ஓடியாந்தேன். நந்திதா ஒரு டம்ளர் மோரக் கொண்டுட்டு வந்து அவுரு கையில குடுத்துட்டுச் சொல்லுச்சுங்க, இன்னிக்கு மட்டும் அடுப்புப் பக்கம் போயிராதீங்க மாமான்னு.

எனக்கு உசுரே நின்னுபோச்சு. எங்கூட்டுல அவுரு முன்னால ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டோமுங்க. கொழம்புல உப்பில்லீன்னாலும் அவுரே சொல்ற வரைக்கும் தின்னுட்டு இருப்போம். இந்தப் புள்ள இப்படிச் சொல்லிப்போடுச்சேன்னு நான் சாமியெல்லாம் கும்புடறேன். அவுரு மோரு டம்ளரப் பாத்தாரு, புள்ளையப் பாத்தாரு, குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு பாருங்க! கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து அவுரு பல்லு அத்தன தெரிஞ்சு நான் பாத்ததில்லீங்க. கடவாய்ப் பல்லு ஒண்ணு சொத்தைன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

அப்பறம் காரு ஸ்டார்ட் ஆயிருச்சு. உறிஞ்சதுதான் காரணம்னு எங்கண்ணன் நெஞ்ச நிமுத்துச்சு. ஆனா என்ன, சிங்காநல்லூருல போயி எறங்கறப்ப ராகு காலம். அவிங்க மூஞ்சியக் கோணிட்டாங்க. முடிஞ்சுபோச்சு.

அதுக்கப்பறம் எங்க போனாலும் இதே கதைதானுங்க. ஆளாளுக்கு ஒரு வைத்தியம். எங்கண்ணன் டேங்கைத் தொறந்து பாத்து மூடிட்டு, சூடாயிருச்சுன்னு ஈரச்சாக்கப் போத்தி உட்டுச்சு. ஓடுச்சு. ஒரு மெக்கானிக்கு டேங்கைத் தொறந்து குச்சி உட்டுப் பாத்துட்டு, எதையோ ரெண்டு தட்டுத் தட்டுனான். ஓடுச்சு. பூசாரி ஒருத்தரு டேங்கைத் தொறந்து துளி விபூதி போட்டு மூடிட்டு, எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டாரு. அதுக்கும் ஓடுச்சுங்க. ஓடுதேயொழிய, இன்னும் கொஞ்ச தூரம் போனா மறுக்காவும் நிக்குது. எங்கண்ணனுக்கும் பூசாரிக்கும் ஒருநா சண்டையே வந்துபோச்சு, சாக்கா பழமான்னு.

பையன் பாக்க மாட்டானான்னா கேக்கறீங்க? அதத்தான் அவுரும் கேப்பாரு. ஊரு மோட்டாரெல்லாம் ஓட வெக்கறவன், ஊட்டுக் காரு நின்னா கையக் கட்டிட்டு நிக்கறான்னு. அவன் ம்ங்கறான்.

தைப்பொங்கல் அன்னைக்கு ஆனைமலைக்கு மாசாணியம்மன் கோயலுக்குப் போனோமுங்க. அத்தன தூரம், ஒரு எடத்துல நிக்கோணுமே! போயிட்டும் வந்துட்டோம். அம்மா கண்ணத் தொறந்துட்டான்னு அவுரு கன்னத்துல போட்டுக்கிட்டாரு. அடுத்த வெள்ளிக்கெழமை சந்தைக்குக் கெளம்புனா பாதியில நின்னுபோச்சு.

மாசியில ஈரோட்டுல ஒரு எடம். மஞ்ச மண்டிக்காரங்க, நல்ல குடும்பம். ஞாபகம் இருக்குதுங்களா, அன்னைக்கும் இங்கதான் நின்னோம். ஆமாங்க, ஈரோடு கெழக்க. உங்க ஊடு மேக்க. நல்லாக் கேட்டீங்க. அவுரும் அப்படித்தான் கத்துனாரு. அன்னூருல போயிப் பூ வாங்கிட்டு ஈரோடு போலாமுங்கன்னேன். சத்தியமங்கலத்துப் பூவெல்லாம் நம்ம ஊட்டு வாசல் வழியாத்தான் போகுது, அத உட்டுட்டு அன்னூருல பூவான்னாரு. அன்னூருப் பூத்தான் ராசின்னு ஒரே புடியா நின்னுட்டேன். இங்க வந்து நின்னுபோச்சு. ஈரோட்டுக்காரங்க பாத்துப் பாத்து ஆளனுப்பிச்சாங்க, அதுவும் போச்சு.

காப்பி நல்லா இருக்குதுங்க. நந்திதா போடற காப்பியாட்டமே இருக்குது. அப்ப நீங்கதான் சொல்லிக் குடுத்திருக்கோணும், அதே ருசி.

ஏனுங்க்கா, உங்கள ஒண்ணு கேக்கறேன். எண்ணெ டின்னுக்கு ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்துனா எண்ணெ வருமுங்களா? வராதில்ல. முக்கி முக்கி நின்னுக்கும். எதுத்தாப்புல இன்னொரு ஓட்டை போட்டாத்தான் காத்து உள்ள போயி எண்ணெ வெளிய வரும். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காருக்கும் அதேதானுங்க. டேங்கு மூடியில பொடிசா ஒரு ஓட்டை இருக்குது, காத்துப் போறதுக்கு. ஆயுத பூசை அன்னைக்கு நான் கிரைண்டர், கேஸ் அடுப்பு, டிவி, பம்ப்செட்டுன்னு எல்லாத்துக்கும் சந்தனம் வெச்சுட்டு வந்தனா, கையில மிச்சம் இருந்துச்சு. மூடி வட்டமா லச்சணமா இருந்துச்சு. அதுக்கும் ஒரு பொட்டு வெச்சுப்போட்டேன். நல்லா மொத்தமா. காஞ்சு ஓட்டைய அடைச்சுக்குச்சு. அப்பறம் வெள்ளிக்கு வெள்ளி அது மேலயே வேற வெச்சுட்டு வந்தேன்.

ஆமாங்க, அவ்வளவுதான்! இவிங்க ஒவ்வொருத்தரும் வைத்தியம் பண்றதுக்கு முந்தி மூடியத் தொறக்கறாங்களா, புஸ்ஸுன்னு காத்து உள்ள போயிருது. காரு ஓடுது. சாக்குப் போத்துனவன் சாக்குங்கறான், பழம் சுத்துனவன் பழம்ங்கறான். பொங்கலுக்கு நான் காரக் கழுவறப்ப பழைய சந்தனத்தையெல்லாம் சொரண்டித் தேச்சேன். அதான் ஆனைமலை வரைக்கும் ஓடுச்சு. வெள்ளிக்கெழமை மறுக்கா வெச்சேன், நின்னுபோச்சு. அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு.

தையிலயே புரிஞ்சும் மாசியில ஏன் நின்னுச்சுன்னா பாக்கறீங்க? சிரிக்காதீங்க்கா. நாந்தான் வெச்சேன். டேங்கு நெறையப் போட்டு, சந்தனம் மொத்தமா வெச்சா, புளியம்பட்டியில இருந்து உங்க ஊட்டு வரைக்கும் சரியா வருது. முன்னப்பின்ன ஆகுமுங்க. ஒருநா அந்த ரேசன் கடைகிட்டயே நின்னுபோச்சு. தாகமா இருக்குதுன்னு அங்கிருந்து வேகாத வெயில்ல உங்க ஊட்டுக்கு நடந்து வந்தனே, மறந்துபோச்சுங்களா? வழியில நாலு ஊடு இருந்துச்சு. அங்கெல்லாம் தண்ணி இருக்காதுங்களா?

எங்கூட்டுக்கு அந்தப் புள்ள வேணுமுங்க. எனக்கு வேணும். அவுருக்குப் பதில் சொல்ல எங்கூட்டுல ஒரு ஆளு வேணும். சோத்துத் தட்டு முன்னால நாங்க சிரிச்சுப் பேசிக்கோணும். மாமான்னு கூப்புட்டுச்சுங்க, வாய் தவறிக்கூடப் பெரியப்பான்னு கூப்புடல. கூப்புட்டிருந்தா அன்னைக்கே மனசத் தேத்திக்கிட்டிருப்பேன். நீங்க வேற கூட்டம், நாங்க வேற கூட்டம், ஒரே கொலமில்ல, பங்காளி மொறையும் வராது. அதெல்லாம் ரெண்டாந்தடவ தண்ணி குடிச்சப்பவே விசாரிச்சுட்டேன்.

அப்பவே வாயத் தொறந்து கேட்டிருக்கலாமில்லன்னா, எப்படீங்க கேப்பேன்? என்ற பையன் மனசு தெரியலயே. அவனுக்குப் புடிக்காம நானா இழுத்துப் போட்டா, பாவமில்லீங்களா, அந்தப் புள்ளைக்கும் சேத்து? அதான் இன்னைக்கு நான் மனச உட்டுப்போட்டேன். ஆவணி பொறந்துபோச்சு, அவுரு தவிக்கறாரு, சரி, மதுக்கரைப் பொண்ணே வரட்டும்னு, நேத்து சாயங்காலமே மூடியத் தேங்கா நாரு போட்டுத் தேச்சுக் கழுவிட்டேன். சத்தியமா, மாசாணியம்மா மேல ஆணையா, இன்னைக்கு நான் பொட்டு வெக்கலீங்க.

ஆனா நின்னுபோச்சு! உங்க கேட்டுக்கு நேரா!

இதென்னடா கூத்துன்னு, டிக்கியில இருக்கற பூ வாடிருச்சான்னு பாக்கறாப்புல பின்னால போனேன். மூடியப் பாத்தா, தோசை மாவாட்டம் அப்பியிருக்குதுங்க சந்தனம். பொம்பள கை வெச்ச பொட்டு இல்ல அது. கட்டவெரலு அச்சு அப்படியே பதிஞ்சு கெடக்குது. அதுல காயில் கம்பி வெட்டுன தழும்பு குறுக்கால ஒரு கோடு. வெடியால நான் எந்திரிக்கறதுக்கு முந்தியே எந்திரிச்சுக் காரத் தொடைக்கறேன்னு போனானுங்க. ஊரு மோட்டாரெல்லாம் ஓட வெக்கறவனுக்கு இது தெரியாம இருக்குமா? மொத நாளே தெரிஞ்சிருக்கோணும். கையக் கட்டிட்டு நின்னதெல்லாம் இதுக்குத்தான். எனக்கு அழுகையா வந்துபோச்சு. இந்தப் பக்கம் திரும்புனா, இந்தக் கல்லுளிமங்கன் குடத்த எடுத்துட்டு உங்க கெணத்துக்குப் போறான். ரேடியேட்டருக்கு ஒரு சொம்பு போதும்!

நந்திதாவக் கேளுங்க. அது வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லட்டும், நான் போயி மூடியத் தொடைச்சுட்டு வாய மூடிட்டு மதுக்கரைக்குக் கெளம்பிருவேன். ஆனா மோட்டார் போடப் போனவளும் வரல, தண்ணி மோக்கப் போனவனும் வரல. தண்ணி மட்டும் வாய்க்கால் ரொம்பி உங்க வாழைக்குப் பாயுது, எட்டிப் பாருங்க.

சிரிச்சுப்போட்டீங்களா? அப்பாடா.

அப்ப ஒரு ஒத்தாச பண்ணுங்க. உங்க ஊட்டு போன்ல மதுக்கரைக்கு ஒரு வார்த்த சொல்லிப்போடறேன், அவிங்க பாவம் பலகாரம் சுட்டு வெச்சிருப்பாங்க. வெளிய இருக்கற ரெண்டு பேருகிட்டயும் மூடி சமாச்சாரம் மூச்சு உடாதீங்க. ஆறு வரைக்கும் ராகு காலம், அது வரைக்கும் பிளக்கக் கழட்டி மாட்டிட்டு இருக்கட்டும். ஆறடிச்சதும் நான் போயிக் கூப்புட்டுட்டு வாரேன். தட்டு, தேங்கா, பழம், பூ, சீலை எல்லாம் டிக்கியிலயே இருக்குதுங்க. சீலை அரக்குக் கலரு. நந்திதாவுக்கு எடுப்பா இருக்குமுங்களா, சம்மந்தி?