மெல்போர்ன் ஹோட்டலில் அக்கா சாப்பிட்ட மீன்

நாகப்பட்டினம் போகிற பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். மெல்போர்னில் மகன் வீட்டுக்குப் போய் வந்த அக்காவும், மீன் விற்கிற தங்கையும்.

"அங்க மீனுக்கு முள்ளே கிடையாதுடி" என்றார் அக்கா.

"முள்ளில்லாம அது என்ன மீனு?" என்று வெடுக்கென்று கேட்டார் தங்கை.

"ஹோட்டல்ல முள்ளெடுத்துதான் வைக்கிறாங்க. பரிமாறுன பொண்ணு மூணு தடவ வந்து, நல்லாருக்கான்னு என்னைக் கேட்டுச்சு."

"மூணு தடவயா?"

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"இருபத்தஞ்சு வருஷமா கொழம்பு வைக்கிறேன். நான் சாப்ட்டேனான்னு எங்க வீட்ல ஒருத்தரும் கேட்டதில்லக்கா. நீ சொன்னதக் கேட்டு வயிறெரியுது."

"அது அவங்க வேலைடி. எல்லாரையும்தான் கேப்பாங்க."

"இருக்கட்டும். உன்னைக் கேட்டாங்கல்ல?"